தஞ்சாவூரைப் பார்த்து நாலு பேர்

என் கைப்பேசியில் ஒரு விளையாட்டு இருக்கிறது. பேருந்து, சினிமாக் கொட்டகை, கல்யாண வீடு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இடம் வரும். மேலே காலி இருக்கைகள், கீழே உட்காரக் காத்து நிற்கும் ஆட்கள். ஒவ்வொருவரையும் தொட்டால் அவரவர் நிபந்தனை தெரியும். தொப்பிக்காரருக்கு ஜன்னல் வேண்டும். குழந்தை வைத்திருப்பவளுக்குக் குறட்டைக்காரர் பக்கத்தில் ஆகாது. பச்சைச் சட்டைக்காரன் யாருக்கும் முன்னால் உட்கார மாட்டான். எல்லோரையும் மனம் கோணாமல் உட்கார வைத்துவிட்டால் திரையில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள்.

மயிலாடுதுறையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். மதியம் டிபன் பாக்ஸை மூடியதும் இதைத்தான் திறப்பேன். பக்கத்து கவுண்ட்டர் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், சின்னப் புள்ளைங்க வெளையாட்டு வெளையாடுறீங்க?" என்றாள்.

"இதை வெளையாடித்தானேம்மா நீயும் நானும் வேலைக்கு வந்தோம்" என்றேன்.

அவளுக்குச் சட்டென்று புரிந்து சிரித்துவிட்டாள். வங்கித் தேர்வு எழுதியவர்களுக்கு இது தெரியும். எட்டு பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏ-க்கு இடப்பக்கம் மூன்றாவது ஆள் சி. சி-யும் எஃப்-பும் அடுத்தடுத்து இல்லை. அப்படியானால் பி-க்கு எதிரே இருப்பவர் யார்? இந்த மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் போட்டுக் கனவில்கூட ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அதை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தேர்வு இல்லை. குத்தாலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் காலை பாசஞ்சர் ரயில்.

அந்த ரயிலில் என்னோடு ஒருத்தி வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஊர்தான். அவள் வீடு பெரிய தெருவில் இருந்தது. எங்கள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில். அவர்கள் வயலுக்குத்தான் என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஆனால் பேசிப் பழகியதில்லை. கல்லூரி வேறு வேறு. படிப்பு முடித்து, தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்த முதல் நாள், குத்தாலம் ஸ்டேஷனில் ஒரே அட்டை போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு இருவரும் நின்றோம்.

அவள்தான் முதலில் பேசினாள். "நீயும் அங்கதானா? அப்பாடா. தனியா எப்படிப் போயிட்டு வர்றதுன்னு இருந்தேன்."

அந்த 'அப்பாடா' எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து யார் முதலில் ஏறினாலும் மற்றவளுக்கு ஒரு துப்பட்டாவைப் போட்டு இடம் பிடிப்பது வழக்கமாயிற்று.

பாசஞ்சரில் எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். கூட்டம் இருந்தால் ஐந்து. எங்கள் புத்தகத்தில் 'இரண்டு வரிசை' என்றொரு வகைக் கணக்கு உண்டு. நாலு பேர் வடக்கே பார்த்து, நாலு பேர் தெற்கே பார்த்து. ஒரு நாள் அவள் அந்தக் கணக்கைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி எங்கள் பெட்டியைப் பார்த்தாள்.

"ஏய், இது நம்ம பெட்டிதான்டி. வடக்கு தெற்கை எடுத்துடு. தஞ்சாவூரப் பாத்து நாலு பேரு, மாயவரத்தப் பாத்து நாலு பேரு."

எனக்கு வலது இடது குழம்பும். நமக்கு எதிரே இருப்பவரின் இடது நமக்கு வலது என்பது காகிதத்தில் புரியும், படம் போடும்போது கை தவறும். அவளோ படம் போடவே மாட்டாள். ஏ, பி, சி என்று எழுத்தாக இருப்பவர்களுக்கெல்லாம் குணம் கொடுத்துவிடுவாள். யாரோடும் சேராமல் ஓரத்திலேயே உட்காரும் டி என்பவர் அவளுக்குக் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போன சித்தப்பா. நடுவில் வந்து உட்காரும் எஃப், எல்லார் பேச்சையும் ஒட்டுக் கேட்கும் ஆள். அப்படி வைத்துக்கொண்டால் மறக்காது என்பாள்.

அன்றைக்கு எதிர் பெஞ்சில் கும்பகோணத்துக்குப் பூ விற்கப் போகும் அக்கா ஒருத்தர் கூடையோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் தூங்கிக்கொண்டே வரும் வேட்டிக்காரர். எங்கள் வரிசையில் ஒரு வாத்தியார்.

"அக்கா, நீங்க ஆர்" என்றாள் என் சிநேகிதி.

"யாரு?"

"யாரு இல்லக்கா, ஆர். ஒரு கணக்குக்கு. நீங்க அசையாம இருந்தா போதும்."

"ஆர்னா நல்லவளா, கெட்டவளா?"

"நல்லவதான். ஆனா ஓரத்துல உட்கார மாட்டா."

"அது சரிதான். ஓரத்துல உட்கார்ந்தா போறவன் வர்றவன் காலெல்லாம் கூடையிலதான் படுது" என்றார் அந்த அக்கா. அவருக்கு ஆர் என்பவள் பேரில் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

"ஆருக்குச் சோத்துக்கைப் பக்கம் எஸ். அவருதான்" என்று தூங்குகிறவரைக் காட்டினேன்.

"ஐயே, இந்தாளு பக்கத்துலயா? தூக்கத்துல தோள்ல சாய்வாரு. வேற ஆளப் போடு."

"கேள்வியே அப்படித்தான்க்கா இருக்கு."

"அப்ப கேள்விய மாத்து."

பெட்டியே சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து, "கும்பகோணம் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். வாத்தியார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நான் யாரும்மா?" என்றார். அதற்கப்புறம் தினமும் இதே வேலைதான். ஏறியதுமே, "இன்னிக்கு நான் யாரு?" என்று கேட்பார்கள். வலது எது என்று எனக்குச் சந்தேகம் வந்தால் சிநேகிதி, "அக்கா, சாப்பிடுற கையத் தூக்குங்க" என்பாள். பூக்காரர் தூக்குவார். எனக்கு விடை கிடைத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே நாற்றங்கால் பச்சையும் உழுத சேறும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். பாபநாசம் தாண்டும்போது எப்படியும் மூன்று நான்கு கணக்கு முடிந்திருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. பயிற்சி வகுப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கூரை ஒழுகியது, விரித்துப் படிக்க இடமில்லை. அவள் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வந்துடு. ரெண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம்."

அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "போ. ஆனா எங்க உட்கார வைப்பாங்க?"

அம்மா அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறாள். கொல்லைப்பக்கம் வழியாகத்தான் போவாள். தென்னை மரத்தடியில் நின்று பேசிவிட்டு அப்படியே திரும்பிவிடுவாள். உள்ளே எத்தனை அறை என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"அவ கூப்பிட்டிருக்காம்மா" என்றேன்.

"அவ கூப்பிட்டா. வீடு கூப்பிடணும்ல?"

ஆனாலும் நல்ல சுடிதாராக எடுத்துக் கொடுத்தாள்.

சிநேகிதி குடையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முன்வாசல் வழியாகவே என்னைக் கூட்டிப் போனாள். கூடத்தில் அவள் அத்தை இருந்தார். அவள் அப்பாவின் அக்கா. இளவயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். என்னைப் பார்த்தார், என் அம்மாவின் பெயரைச் சொல்லி, "அவ மவளா?" என்றார். ஆமாம் என்றேன். தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சிநேகிதியின் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். டம்ளர் புதுசாக இருந்தது. விசேஷமாக எடுத்ததா, தனியாக எடுத்ததா என்று நினைத்துப் பார்த்தேன், பிறகு நினைப்பதை விட்டுவிட்டுக் குடித்தேன்.

அறையில் உட்கார்ந்து படித்தோம். மத்தியானம் ஆகும்போது சிநேகிதியின் அம்மா வந்து, "படிக்கிற புள்ளைங்க, எதுக்கு எழுந்துக்கிட்டு? ரெண்டு பேருக்கும் ரூமுக்கே சாப்பாடு கொண்டாந்துடுறேன்" என்றார். கரிசனமாகத்தான் சொன்னார். ஆனால் சிநேகிதியின் முகம் மாறியது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா உள்ளே வந்தார். வயலில் தண்ணீர் வடியவைத்துவிட்டு வந்திருந்தார். காலில் இன்னும் சேறு காயவில்லை.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா 'ஐயா' என்பாள். சிநேகிதியின் அப்பாவை 'அப்பா' என்பதுதான் ஊர் வழக்கம். இரண்டும் வாயில் வராமல் எழுந்து நின்றேன்.

"உட்காரும்மா. என்னாது இது, வட்டம் வட்டமா?" என்று தாளை எடுத்துப் பார்த்தார்.

சிநேகிதி விளக்கினாள். ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் உள்ளே பார்த்து, சிலர் வெளியே பார்த்து.

"கூட்டத்துல உட்கார்ந்துகிட்டு எதுக்கு வெளிய பாக்கறான்?"

"அதெல்லாம் கேட்கக் கூடாதுப்பா."

அவர் பென்சிலை வாங்கி அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மழையில் அடைபட்ட மனிதர். விடை ஒன்று போட்டார். தப்பு என்று எனக்குத் தெரிந்தது. சொல்வதா வேண்டாமா என்று இருந்தது. சொல்லிவிட்டேன்.

"வெளிய பாத்து உட்கார்ந்தா எடப்பக்கம் மாறிடும்."

"எப்படி மாறும்? எடது எடதுதான்."

"அவரு திரும்பி இருக்காருல்ல?"

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிஷம் வாதாடினார். பிறகு எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசை நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கூடத்தில் வட்டமாகப் போட்டார். சிலதை உள்ளே பார்த்து, சிலதை வெளியே பார்த்து. மனைவியைக் கூப்பிட்டார். அவர் கரண்டியும் கையுமாக வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மகளை எதிரே உட்கார வைத்தார். "நீ ஈ தானே? என் எடப்பக்கம் வாம்மா" என்று எனக்கு நாற்காலியைக் காட்டினார். அவருடைய கவனமெல்லாம் இடப்பக்கத்தில்தான் இருந்தது. நான் உட்கார்ந்தேன்.

எனக்கும் சிநேகிதிக்கும் நடுவில் எஃப். அவள் அப்பா தன் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீ எஃப். வா, உட்காரு."

அத்தை சமையலறை வாசலில் நின்றார். "எனக்கு எதுக்கு இந்த வெளையாட்டெல்லாம். பாத்திரம் கெடக்கு."

"ஒரு நிமிஷம்க்கா. ஆள் கொறையுது."

"நான் வல்லப்பா."

சிநேகிதி எழுந்து போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். "எஃப் வந்தாச்சு" என்றாள். காலியாக இருந்த கடைசி நாற்காலியில் அவள் அம்மா தேங்காய் ஒன்றை உருட்டிவிட்டு, "இது யாரோ" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அவள் அப்பா வெளியே பார்த்த நாற்காலியில் போய் உட்கார்ந்து இடக்கையை நீட்டினார். அது அவர் நினைத்த ஆளைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, ஆமா! மாறுதே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவ்வளவு சத்தமாக அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்ததே அன்றைக்குத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

நாற்காலிகளை யாரும் மேசைக்குத் திரும்பப் போடவில்லை. சிநேகிதியின் அம்மா தட்டுகளைக் கொண்டுவந்து அப்படியே கையில் கொடுத்தார். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல். மடியில் தட்டை வைத்துக்கொண்டு வட்டமாகச் சாப்பிட்டோம். அவள் அப்பா அடுத்த கணக்கைக் கேட்டார். அத்தை மட்டும் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "எங்க உட்கார வச்சாங்க?"

"நாற்காலியில. அவரு எடப்பக்கம்."

அம்மா நம்பவில்லை. நான் எழுந்து நின்று, யார் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து என்று குடம், அண்டா, முறம் எல்லாவற்றையும் வைத்துக் காட்டினேன். முறம்தான் அத்தை என்றதும் அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த வாரம் அம்மா களையெடுப்பு முடிந்து வந்தாள். கால் கழுவிக்கொண்டே, "அந்த நாற்காலியக் கொல்லையில போட்டுத் தண்ணி ஊத்துனாங்களாம்டி" என்றாள். அந்த வீட்டில் துணி துவைக்கும் பெண் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. சிநேகிதிக்குத் தெரியுமா, தெரியாதா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் அவள் முகத்தில் தெரியும் என்று நினைத்தேன். மழை விட்டு வகுப்பு ஆரம்பித்ததும் ரயிலில் அவள் துப்பட்டா போட்டு எனக்கு இடம் வைத்திருந்தாள். எப்போதும்போல இருந்தாள். அவளுக்குத் தெரியாது என்று முடிவு செய்தேன். தெரியாமலே இருக்கட்டும் என்றும் முடிவு செய்தேன். பூக்காரர், "இன்னிக்கு நான் யாரு?" என்றார். கணக்கைத் தொடங்கினோம்.

எனக்கு அந்தத் தேர்விலேயே வேலை கிடைத்தது. அவளுக்குக் கொஞ்சத்தில் தவறிப்போனது. மறு தடவையும் அப்படியே. என் முடிவு வந்த அன்று வாய்க்கால் மதகு வரை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள்தான். சந்தோஷத்தில் பாதி, தனக்காகப் பாதி என்று அவளே சொன்னாள். பிறகு கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள். எனக்கும் ஊர் ஊராக மாற்றல். பண்டிகைக்கு வாழ்த்து, பிறந்தநாளுக்கு வாழ்த்து என்று எங்கள் பேச்சு குறைந்துபோனது. போன வருஷம் ஒரு நாள் இந்த விளையாட்டின் ஒரு கட்டத்தை அவள் படமெடுத்து அனுப்பியிருந்தாள். 'இதுல நம்ம பூக்காரக்கா இருக்காங்க பாரு' என்று கீழே எழுதியிருந்தாள். கூடை வைத்திருக்கும் ஒரு பொம்மைப் பெண். ஓரத்து இருக்கை வேண்டாம் என்பது அவளுடைய நிபந்தனை. அன்றைக்குத்தான் நானும் இதை இறக்கிக்கொண்டேன்.

இந்தக் கோடையில் விடுமுறைக்கு வந்தாள். தஞ்சாவூரில் ஜவுளி எடுத்துக்கொண்டு இருவரும் பகல் ரயிலில் திரும்பினோம். கூட்டம் இல்லை. எதிர் பெஞ்ச் காலியாக இருந்தது. இருவரும் கைப்பேசியில் தலையைக் கவிழ்த்து ஆளுக்கொரு கட்டத்தில் இருந்தோம். கும்பகோணம் தாண்டியபிறகு அவள் போனை மடியில் வைத்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ எங்க வீட்டுக்கு வந்தல்ல, மழையில..."

"நாற்காலியக் கழுவுனாங்க. அதானே?"

அவள் என்னையே பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அடுத்த வாரமே தெரியும்."

"ஏன்டி எங்கிட்ட கேக்கல?"

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். நீ ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயல்களில் உளுந்துச் செடி படர்ந்திருந்தது. பிறகு அவள் மீதியைச் சொன்னாள். நான் கிளம்பியதும் அத்தை நாற்காலியைக் கொல்லைக்குத் தூக்கிப் போயிருக்கிறார். இவள் சத்தம் போட்டிருக்கிறாள், அழுதிருக்கிறாள். அவள் அப்பா வெளியே போய், தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த நாற்காலியைத் தூக்கிவந்து, மேசையில் தன் இடத்தில் போட்டு அதிலேயே உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டாராம். வேட்டியெல்லாம் நனைந்திருக்கிறது. சாப்பிட்டு முடியும்வரை அதிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல."

"ஏதாச்சும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்" என்றாள். பிறகு, "நானும்தான்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு வருஷம் ஒருத்திக்காக ஒருத்தி ஒரே விஷயத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோமே என்றுதான் இருந்தது.

அவள் குத்தாலத்தில் இறங்கவில்லை. "உங்க வீட்டுக்கு வர்றேன்" என்று என்னோடு மயிலாடுதுறைக்கே வந்துவிட்டாள். நாங்கள் இங்கே வீடு கட்டிக் குடிவந்ததிலிருந்து அம்மா என்னோடுதான் இருக்கிறாள். ரயிலிலிருந்தே போனில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள்.

"வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா? புள்ளைங்க நல்லா இருக்கா?" என்றாள் வாசலில்.

"என்னைப் போயி 'வாங்க'ன்னு சொல்றீங்களேம்மா. 'வா'ன்னு சொல்லுங்க."

"வாயில வரமாட்டேங்குதே" என்று அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

எங்கள் இருவருக்கும் மேசையில் பரிமாறினாள். அவளையும் உட்காரச் சொன்னோம். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்பறம்" என்று சமையலறைக்குப் போய், வறுப்பதற்காக மிச்சமிருந்த மீனை அலச ஆரம்பித்தாள். சிநேகிதி என்னைப் பார்த்தாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா பதறிவிட்டாள். "அடியே, எழுந்திரு! தரையெல்லாம் செதிலாக் கெடக்கு! பட்டுப்போல பொடவையக் கட்டிக்கிட்டு, அறிவிருக்கா ஒனக்கு?"

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிநேகிதி சிரித்தாள், சிரித்து, சோறு புரையேறி இருமினாள். அம்மா மீன் கையோடு என்ன செய்வதென்று தெரியாமல், மணிக்கட்டால் அவள் தலையில் தட்டினாள். "மெல்ல, மெல்ல. யாரோ நெனைக்கிறாங்க" என்றாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, என் தட்டையும் எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

அம்மா கையைக் கழுவிவிட்டுக் குழம்புச் சட்டியை நடுவில் வைத்தாள். "இன்னொரு துண்டு போட்டுக்க... போட்டுக்கங்க" என்றாள். சிநேகிதி தட்டை நீட்டினாள். குழம்பில் அன்றைக்குக் கொஞ்சம் உப்புக் கூடத்தான். மூன்று பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.